வேன் குடித்தனம்: நிறுத்துமிடம், வெயில், தண்ணீர்

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்து 2021 அக்டோபரில் மாநில எல்லைகள் திறந்ததிலிருந்து நம்மவர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு வேனைக் குடியிருக்கத் தோதாக மாற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் அதிலேயே வாழ்ந்துவிட முடியாதா? அறுபதில் ஓய்வு பெற்றவர்கள் கேட்கிறார்கள். மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற நிலையில் இருக்கும் இளையவர்களும் கேட்கிறார்கள். பதில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய அனுபவங்கள். அங்கே குளிரில் தண்ணீர்க் குழாய் உறையாமல் காப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு அது உதவாது. நம் கவலை வெயில், ஈரம், கொசு, மாலை மழை, கழிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் யாரும் வந்து கண்ணாடியைத் தட்டாத ஓர் இடம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் வேனில் முழுநேரமும் வாழலாம். ஆனால் திரும்பி வந்து நிற்க ஒரு நிலையான இடம் வேண்டும். அந்த இடம் இல்லாமல் வண்டியை மட்டும் வாங்கினால் சில மாதங்களில் அலுத்துப்போகும். ஆகவே வண்டி எது, அலமாரி என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு.

வண்டியிலேயே வாழத் தெரிந்தவர்கள் நம் சமூகத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி வடக்கேயும் தெற்கேயும் ஓட்டும் லாரிக்கார அண்ணன்மாரைக் கேளுங்கள். நெடுஞ்சாலையின் எந்த ஓய்விடத்தில் குளியலறை சுத்தமாக இருக்கும், எங்கே இரவு முழுக்கக் குளிர்பதன லாரிகளின் இரைச்சல் ஓயாது, எங்கே டீசல் திருடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வண்டியை வெளியேறும் திசை நோக்கியே நிறுத்துவார்கள். கைலியைச் சன்னலில் திரையாகக் கட்டி, பொழுதோடு படுத்து, விடிவதற்கு முன் கிளம்பி நெரிசலைத் தாண்டிவிடுவார்கள். படுப்பதற்கு முன் தண்ணீர், அடுப்பு, செருப்பு எல்லாம் உள்ளே வந்தாகிவிடும். விலை உயர்ந்த வண்டி வாங்கியவர்கள்கூட இந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

நிறுத்துமிடத்துக்கு வருவோம். ப்ளஸ் நெடுஞ்சாலையின் ஓய்வு, சேவை நிலையங்களில் கழிப்பறை, சூராவ், சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் எல்லாம் உண்டு. களைத்த ஓட்டுநர் தூங்கி எழுந்து போவதற்கு அவை ஏற்றவை. அங்கே நாற்காலி விரித்து, பந்தல் இழுத்து, துணி காயப்போட்டுக் குடித்தனம் நடத்தக் கூடாது. ஒருவர் செய்தால் எல்லாருக்கும் கதவு சாத்தப்படும். ஜப்பானில் 1993 முதல் ‘மிச்சி நோ எக்கி’ என்ற சாலையோர நிலையங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேல் எழுந்தன. அங்கேயும் சிலர் நாள்கணக்கில் தங்கி இடத்தை அடைத்துக்கொள்வது தீராத தலைவலியாக இருக்கிறது.

கோயில் வளாகம் நமக்குத் தனிச் சலுகை. பெரிய கோயில்களில் குழாயும் கழிப்பறையும் இருக்கும், அன்னதானமும் நடக்கும். ஆனால் நிர்வாகத்தாரைக் கேட்டு, அனுமதி வாங்கி, மறுநாள் காலையில் கிளம்பிவிட வேண்டும். திருவிழா நாளில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது மரியாதை. உறவினர் வீட்டு வாசலும் அப்படித்தான். தாமானில் அண்ணன் வீட்டின் முன் நிறுத்தினால் எதிர் வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காவல் உள்ள குடியிருப்பு என்றால் ஜாகாக்காரரிடம் முன்கூட்டியே பெயரும் வண்டி எண்ணும் கொடுத்துவிட வேண்டும்.

ஆற்றோரமும் அருவிப் பக்கமும்தான் ஆசை காட்டும் இடங்கள். அங்கேதான் எச்சரிக்கையும் வேண்டும். 2022 டிசம்பர் 16 விடியுமுன் பத்தாங்காலிக்கு அருகே ஒரு முகாம் தளத்தின் மேல் மலைச் சரிவு இறங்கி 31 பேர் இறந்தார்கள். கூடாரங்களில் குடும்பம் குடும்பமாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் முகாம் தளங்களின் உரிமம் பற்றியும் சரிவின் ஆபத்து பற்றியும் நாடு பேசத் தொடங்கியது. உரிமம் உள்ள தளமா என்று கேளுங்கள். வெட்டிய மண் மேட்டின் அடியில் நிறுத்தாதீர்கள். ஆற்றங்கரையில், நாம் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும், மேலே மலையில் பெய்தால் ‘கெப்பாலா ஆயர்’ என்ற திடீர் வெள்ளம் சொல்லாமல் வரும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் பொருளை எடுக்க நிற்காமல் மேடேறிவிட வேண்டும். நிரந்தரக் காப்புக் காடுகளுக்குள் நுழைய வனத்துறை அனுமதியும் தேவை.

நகருக்குள் வேறு வகை ஆபத்து. நிழல் தேடிப் பெரிய மரத்தடியில் நிறுத்துவது இயல்பு. 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெருமரம் சாய்ந்து ஒருவர் இறந்தார். 17 வாகனங்கள் நசுங்கின. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை நான்கு மணிக்கு மேல் மரத்தடியை விட்டு வண்டியை நகர்த்திவிடுவதே நல்லது. தாழ்வான இடமா என்றும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை தண்ணீர் ஏறியதை நாம் பார்த்தோம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மாடிக்குப் போகலாம். வேனுக்கு மாடி இல்லை.

நிலையான தங்குமிடமாக ஸ்ரீ கெம்பாங்கான் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவசரகாலத்தில் செர்டாங் புதுக்கிராமமாக உருவான ஊர் இது. பக்கத்திலேயே, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்த பள்ளம் இப்போது மைன்ஸ் ஏரி. தெற்கே போகும் ப்ளஸ், நகருக்குள் போகும் பெஸ்ராயா, புத்ராஜெயா பக்கம் மெக்ஸ், மேற்கே கடலை நோக்கி எஸ்கேவிஇ என்று நெடுஞ்சாலைகள் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. போர்ட்டிக்சன், பாகான் லாலாங், மோரிப் கடற்கரைகளுக்குக் காலையில் கிளம்பினால் பசியாறும் நேரத்துக்குள் போய்விடலாம். புத்ரா பெர்மாயில் சிலாங்கூர் மொத்தச் சந்தை இருக்கிறது. ஒரு வாரத்துக் காய்கறியும் மீனும் அங்கே மலிவு. பாலாக்கோங், செர்டாங் ராயா தொழிற்பேட்டைகளில் லாரி உடல் கட்டும் பட்டறை, அலுமினிய வேலை, டயர் கடை, பேட்டரி கடை எல்லாம் உண்டு. பழுது வந்தால் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

இன்னொரு நன்மை ரயில். உயரமான கூரை வைத்த வேனோடு நகருக்குள் போவது பெரும் சிரமம். பேரங்காடிகளின் அடித்தளக் கார் நிறுத்துமிடங்கள் பலவற்றில் உயர வரம்பு 2 மீட்டர் சொச்சம்தான். கூரையில் காற்றாடியும் சூரியத் தகடும் வைத்த வண்டி நுழையாது. புத்ராஜெயா எம்ஆர்டி வழித்தடத்தின் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 16 அன்று திறந்தபின், செர்டாங் ராயா, செர்டாங் ஜெயா, யுபிஎம், தாமான் எக்குவின் நிலையங்களிலிருந்து நேராக நகர மையத்துக்குப் போகலாம். பிரிக்பீல்ட்ஸில் மளிகை வாங்கவோ புத்தகம் வாங்கவோ வேண்டுமானால், செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரல். வண்டி தன் இடத்திலேயே நிற்கட்டும்.

அந்த நிலையான இடத்தை எப்படி அமைப்பது? தெரிந்தவர் வீட்டுப் பக்கக் காலி இடம், பட்டறை முற்றம், சிறு தொழிற்கூடத்தின் பின்புறம் என ஏதோ ஒன்றை மாத வாடகைக்குப் பேசி, எழுத்தில் வாங்குங்கள். குழாயும் 13 ஆம்பியர் மின் இணைப்பும் தபால்பெட்டியும் இருந்தால் போதும்.

வெயில் விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். இதில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று தருவது 1.28 யூனிட் மின்சாரம். சிறிய கூரை ஏர்கோன் சராசரியாக 400 வாட் இழுப்பதாக வைத்தால், எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 3.2 யூனிட் வேண்டும். அதாவது அப்படிப்பட்ட பேட்டரிகள் மூன்று. கூரையில் 400 வாட் சூரியத் தகடு இருந்தால், நம் மேகமூட்டத்தில், இழப்பு போக ஒரு நாளைக்குச் சுமார் 1.2 யூனிட் கிடைக்கும். ஓர் இரவு ஏர்கோனுக்கு ஏறக்குறைய மூன்று நாள் வெயில் செலவாகிறது. சிறு பிரிட்ஜ் ஒன்றுக்கு நாளுக்கு அரை யூனிட், 30 வாட் காற்றாடி இரவு முழுக்க 0.3 யூனிட், விளக்கும் போனும் மடிக்கணினியும் 0.3 யூனிட் என்று கூட்டினால் வருவது 1.1. ஆக, ஏர்கோன் இல்லாமல் வாழ்ந்தால் அந்த ஒரு தகடு ஏறத்தாழ ஈடுகொடுத்துவிடும். தொடர்மழை நாட்களுக்காக இரண்டு பேட்டரியும், ஓடும்போது எஞ்சினிலிருந்து ஏற்றிக்கொள்ள டிசி-டிசி சார்ஜரும் இருந்தால் கவலையில்லை. ஏர்கோன் வேண்டும் என்ற நாளில் நிலையான இடத்துக்கு வந்து கம்பியைச் செருகிக்கொள்ளலாம்.

ஏர்கோன் இல்லாமல் தூங்க முடியுமா? கோலாலம்பூரில் நள்ளிரவுக்குப் பிறகு வெப்பம் 24, 25 பாகைக்கு இறங்கிவிடுகிறது. பகலில் வண்டி குடித்த சூட்டை வெளியேற்றுவதுதான் கடினம். அதனால் காசை முதலில் கூரைக்கும் சுவருக்கும் போடுங்கள். வெள்ளைச் சாயம், தகட்டுக்கு உள்ளே மூடிய துளையுள்ள ரப்பர் நுரை, கண்ணாடிகளுக்கு வெளிப்புறத் திரை ஆகியவை வேண்டும். கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் துருவாக்கும். நம் நாட்டுக்கு ஆகாது. மழையிலும் திறந்துவைக்கக்கூடிய மூடியுள்ள கூரைக் காற்றாடி ஒன்று, காற்று நுழைய எதிர்ப்பக்கம் தாழ்வான சன்னல் ஒன்று; இரண்டிலும் கொசுவலை. சிலாங்கூரில் டெங்கி எப்போதும் இருப்பதால் இந்த வலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் தூங்குவதும், ஜெனரேட்டரை வண்டிக்குள்ளோ அடியிலோ வைப்பதும் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு ஆண்கள் இறந்து கிடந்தார்கள். ஏர்கோனுக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, தரையில் இருந்த ஓட்டை வழியே உள்ளே ஏறியிருந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவருக்கு எழுந்திருக்க நேரமும் தராது. படுக்கைக்கு அருகே அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். சமையல் வாயுவுக்கான கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும், ஏனெனில் அது காற்றைவிடக் கனமானது. சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கும் அடியில் வெளிநோக்கித் துளை வேண்டும். தூள் தீயணைப்பான் ஒன்று கதவருகே இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் வைத்தால் தீ பிடித்தபோது எடுக்க முடியாது.

சமையல் நம் கையில் மாற வேண்டிய பழக்கம். கடுகும் வெங்காயமும் தாளித்த வாசம் வேனுக்குள் மெத்தையில் இறங்கினால் வாரக்கணக்கில் போகாது. இட்லி அவித்தால் நீராவி முழுவதும் கூரைத் தகட்டில் வியர்த்துச் சொட்டும். பின்கதவைத் தூக்கிவிட்டு, அதன் நிழலில் மடக்கு மேசையில் சமைப்பதே சரி. மாவை இந்தச் சூட்டில் அரைப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பினால் இரண்டு மணி நேரக் குலுக்கலில் பொங்கி வழியும். சோற்றுக்குச் சிறு பிரஷர் குக்கர், குழம்புக்கு ஒரு சட்டி, தோசைக்கல் ஒன்று, இவ்வளவுதான் இடம்.

தண்ணீரில் நாம் தாராளக்காரர்கள். இரண்டு வேளைக் குளியல் நம் பழக்கம். வேனில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கைத்தெளிப்பானில் ஆறேழு லிட்டரில் குளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நூறு லிட்டர் தொட்டி நூறு கிலோ எடை என்பதும் நினைவிருக்கட்டும்; அதைப் பின்சக்கரங்களுக்கு முன்னால், தாழ்வாக, நடுவில் வைக்காவிட்டால் வளைவில் வண்டி சாயும். துணிக்கு இருபத்துநான்கு மணி நேர டோபிக் கடைகள் எல்லாச் சிற்றூரிலும் வந்துவிட்டன. வேனுக்குள் ஈரத்துணி காயப்போட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும்.

கழிவு பற்றிப் பேச நம்மவர்களுக்குக் கூச்சம். ஆனால் இந்த வாழ்க்கையின் யோக்கியதையே அதில்தான் தெரியும். நியூசிலாந்தில் கட்டுப்பாடற்ற முகாம்களால் எழுந்த மக்கள் கோபத்துக்குப் பின், ‘தன்னிறைவு’ச் சான்று கேட்கும் வண்டியில் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும் என்று 2023-இல் சட்டமே மாறியது. நம் நாட்டில் கேரவன் கழிவை இறக்க அமைந்த இடங்கள் அரிது. இழுத்து எடுக்கும் பெட்டியுள்ள கழிப்பறையைப் பொருத்தி, நிலையான இடத்தின் சாக்கடை இணைப்பிலோ, அனுமதி கேட்டு ஒரு கழிப்பறையிலோ கொட்டிக் கழுவுவதே வழி. மழைநீர்க் கால்வாயில் ஊற்றக் கூடாது. அது நேரே ஆற்றுக்குப் போகிறது. அதே ஆறுகளில்தான் குடிநீர் எடுக்கிறோம். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீருக்கும் தனித் தொட்டி வேண்டும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவான வண்டியின் உடலை, இருக்கைகளை மாற்றினால் ஜேபிஜே ஒப்புதலும் பரிசோதனையும் தேவை. வெட்டி ஒட்டிய பிறகு ஒப்புதல் கேட்பதைவிட, பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்துக்குப் போவது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாத மாற்றம் விபத்தன்று உங்களுக்கு எதிராக நிற்கும். டி பிரிவு லைசென்ஸ் 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான். பழைய பேருந்தை வாங்கிக் கேரவன் ஆக்க நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்கட்டும். மைகார்டு முகவரி, வாக்காளர் முகவரி, வங்கிக் கடிதம் எல்லாவற்றுக்கும் நிலையான இடம் ஒன்று வேண்டும். தோட்டத்து லயத்தில் வேலை போனதும் வீடும் போன குடும்பங்களின் பிள்ளைகள் நாம். முகவரி இல்லாமல் நிற்பது என்னவென்று நம் பெற்றோருக்குத் தெரியும்.

எரிபொருள் வண்டித் தேர்வையே மாற்றிவிட்டது. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் மானியம் விலகி லிட்டர் 3.35 ரிங்கிட் ஆனது. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு மைகார்டு வழியே ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை என்று திட்டம் தொடங்கியது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் போகும் பெட்ரோல் வேனுக்குத் தொடக்கத்தில் தந்த அந்த 300 லிட்டர் மாதம் 3,000 கிலோமீட்டருக்கு வந்தது. ஊர் சுற்றுபவருக்கு அது தாராளம். ஓர் இடத்தில் நான்கைந்து நாள் தங்குபவருக்கு அதில் பாதியே மிஞ்சும்.

வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஏறுபவர்கள் இறக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேமரன் மலையிலும் கெந்திங்கிலும் இரவுக் குளிர் சுகம். ஆனால் தண்ணீரும் பேட்டரியும் மரச்சாமானும் ஏற்றிய வேனை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். 2013 ஆகஸ்டில் கெந்திங் சாலையில் பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 37 பேர் இறந்தார்கள். அதில் ஏற்றியிருந்தது அளவுக்கு மீறிய கூட்டம். தாழ்ந்த கியரில் இறங்குங்கள், நின்று நின்று இறங்குங்கள், தொட்டியைக் காலி செய்துவிட்டு இறங்குங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பலரும் இந்த ஆசையைக் கைவிடுவது மாத்திரைக்காகத்தான். கைவிட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனை, கிளினிக் மருந்தை வேறு ஊரின் அரசு மருந்தகத்தில் பெற்றுக்கொள்ள ‘எஸ்பியுபி’ என்ற ஏற்பாடு இருக்கிறது. கிளம்பும் முன் மருந்தாளரிடம் போகும் ஊரைச் சொல்லுங்கள். இன்சுலின் வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்ஜ் ஆடம்பரம் அல்ல. அதற்கு மட்டும் மின்சாரம் நிற்காதபடி தனிக் கம்பி இழுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்த வாழ்க்கையை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடுமுறைக்கு வேன், படிப்புக்கு வீடு. மற்றவர்களுக்கு முடியும், மாதத்தில் பத்து நாள் நிலையான இடம், மீதி நாள் சாலை என்ற அளவில் நன்றாகவே முடியும்.

சுபாங் ஜெயா மாநகர் மன்றத்துக்கும் சுற்றுலா அமைச்சுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்ரீ கெம்பாங்கானில் எம்ஆர்டி நிலையம் ஒன்றின் அருகிலோ, செர்டாங் வேளாண் கண்காட்சிப் பூங்காவை ஒட்டியோ பத்து வண்டிகள் நிற்க இடம், ஒரு குழாய், சாக்கடையோடு இணைந்த ஒரு கழிவுத் தொட்டி, ஒரு மின்கம்பம் அமைத்துக் கட்டணம் வாங்குங்கள். லாரி ஓட்டுநர்களுக்கும் அதில் குளியலறை திறந்திருக்கட்டும். போக இடம் இருந்தால் யாரும் கால்வாயில் ஊற்ற மாட்டார்கள்.

கிளம்ப நினைக்கும் வாசகர்கள், முதலில் ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்து, வறண்ட மாதத்தில் அல்லாமல் நவம்பர் மழையில், சில இரவுகள் தங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் நிறுத்துமிடம் பேசுங்கள். பிறகு வண்டி வாங்குங்கள். வீட்டை மட்டும் முதல் ஆண்டிலேயே விற்றுவிடாதீர்கள்.